மருந்துக்கு முன் நுண்ணோக்கி: மாட்டுங்காவின் நாட்டு மீன்தொட்டிகள்

மாட்டுங்காவிலிருந்து இரண்டே இரயில் நிலையத் தொலைவில் உள்ள குர்லாவின் வளர்ப்புமீன் கடைகளில் தங்கமீனுக்கும் ஏஞ்சலுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையின் கெண்டைகளும் விலைக்குக் கிடைக்கின்றன. அயல்நாட்டு மீன்களை விட்டு நாட்டு மீன்களை வளர்க்கத் தலைப்படுவோரிடம் ஒரு நம்பிக்கை உண்டு: நம் ஆற்று மீன் நம் தண்ணீரில் நோயின்றி வாழும். ஒருநாள் காலையில் ஆறேழு மீன்கள் செத்து மிதக்கும்போது அந்நம்பிக்கை சிதைகிறது. உடனே 'நோய்' என்று முடிவு கட்டிக் கடைக்காரர் தரும் நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றுகின்றனர். பிழை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

'நாட்டு மீன்' என்னும் சொல்லே சற்று ஏமாற்றுவது. வணிகர் 'மிஸ் கேரளா' என்றழைக்கும் செங்கோட்டுக் கெண்டைக்கு 2013-இல் 'சகியாத்ரியா' என்ற புதிய பேரினப் பெயர் சூட்டப்பட்டது. சகியாத்திரி மலையின் பெயரே அது. பெயரளவில் மும்பைக்கு இதைவிட நெருங்கிய மீன் அரிது. ஆயினும் அது தெற்கே கேரள, கர்நாடக மலைகளில் பாறைகளிடையே விரைந்தோடும் ஓடைகளில் வாழ்வது. 20 பாகை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் 7.5 மட்டுமே. வெப்பம் ஏறும்போது மீனின் தேவையோ கூடுகிறது. மே மாதத்து மாட்டுங்காவில், காற்றோட்டமற்ற அறையில் தேங்கி நிற்கும் நீர் அம்மீனுக்கு அயல்நாடுதான்.

இந்நகரிலேயே இதற்குப் பெரிய சான்று உள்ளது. வால்கேசுவரின் பாணகங்கைக் குளத்தில் பித்ருபட்ச முடிவில் பிண்டமும் மாவும் மலரும் இடப்படுகின்றன. அதையடுத்த நாட்களில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதப்பது பல ஆண்டுகளில் செய்தியாகியிருக்கிறது. அங்கே நோய்க்கிருமி எதுவும் தேவைப்படவில்லை. அழுகும் உணவைச் சிதைக்கும் பாக்டீரியாவே நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. வீட்டுத் தொட்டியில் பரிவோடு அள்ளிப்போடும் மிகைத்தீனி இதன் சிறுவடிவம்.

சாவு நிகழ்ந்த முறையைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஓரிரவில் பல இனங்கள் ஒருசேர மடிந்தால் ஐயம் முதலில் நீரின்மேல் விழ வேண்டும். விடியற்காலையில் பெரிய மீன்கள் முதலில் வாய்பிளந்து சாக, காற்றையே சுவாசிக்கவல்ல விராலும் பனையேறிக்கெண்டையும் பிழைத்திருந்தால், அது ஆக்சிஜன் பற்றாக்குறை. செவுள் பழுப்பேறியிருந்தால் நைட்ரைட்டு நஞ்சு. நீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் மீன்கள் துடித்தால் குழாய்நீரின் குளோரின். அம்மோனியா இன்னும் நுட்பமானது: 25 பாகையில் அமிலகாரநிலை 7 எனில் மொத்த அம்மோனியாவில் அரை விழுக்காடு அளவே நச்சு வடிவில் இருக்கும்; 8 ஆனால் அது ஐந்து விழுக்காட்டைத் தாண்டும். மாறாக, ஒரே இனத்தில் நாளுக்கு ஒன்றிரண்டாகச் சாவு தொடங்கிப் பெருகினால் தொற்றைத் தேடலாம். கண்டறியாமல் ஊற்றிய மருந்து இத்தடயங்களைக் கலைத்துவிடுகிறது. வடிகட்டியில் நான்கைந்து வாரமாக வளர்ந்த நன்மை செய்யும் பாக்டீரியாவை அது கொன்றுவிட்டால், இல்லாத அம்மோனியாவும் வந்து சேரும். பிறகு நிகழும் சாவுகளுக்கும் பழி 'நோய்' மீதே.

நோயே இல்லை என்பதன்று. சப்பானில் 1971-இல் முதலில் அறியப்பட்ட கொள்ளைப் புண்நோய் 1988-இல் இந்தியாவின் வடகிழக்கை எட்டி, பின்னர் தெற்கிலும் பரவியது. அஃபனோமைசிஸ் இன்வடான்ஸ் என்னும் பூஞ்சையொத்த உயிரி அதற்குக் காரணம். அந்நோய்க்கு விராலும் கெண்டையும் எளிதில் இரையாகின்றன. அயல்நாட்டுத் திலேப்பியாவோ பெரிதும் தப்பிவிடுகிறது. நாட்டு மீன் எல்லாவற்றையும் தாங்கும் என்போருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. ஆனால் புண்ணைக் கண்ட மாத்திரத்தில் அந்நோயென்று சொல்லிவிட முடியாது. புண்ணின் அடித்தசையை நசுக்கி நுண்ணோக்கியில் குறுக்குச்சுவரற்ற இழைகளைக் காண வேண்டும்.

அந்த வேலையை யார் செய்வது? நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. வெர்சோவாவில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனமும் உள்ளது. அவற்றின் முதல் அக்கறை பண்ணைகள், அது நியாயமே. ஆனால் வீட்டுத்தொட்டிக்குத் தேவையானது அத்தனை பெரிய ஏற்பாடன்று. செத்து அழுகியதும் உறைபெட்டியில் வைத்ததும் ஒட்டுண்ணிகளைக் காண உதவா; சாகும் தறுவாயிலுள்ள ஒரு மீனை வதையின்றிக் கொன்று, செவுளின் சிறு துணுக்கை ஒரு துளி நீரில் வைத்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். மாட்டுங்காவின் ரூயா, கால்சா கல்லூரிகளில் விலங்கியல் துறைகள் இருக்கின்றன. ஃபார்மலினில் ஊறிய மாதிரிகளை வரைந்து மதிப்பெண் பெறும் மாணவர்களுக்கு, அக்கம்பக்கத்துத் தொட்டியிலிருந்து வந்த உயிருள்ள செவுள் எவ்வளவோ மேலான பாடம். வாரத்தில் ஒரு மாலை ஆய்வகத்தைத் திறந்து வைத்தால், நோயறியாமலே கடையில் கைமாறும் நுண்ணுயிர்க்கொல்லிகளில் ஒரு பங்காவது புட்டியிலேயே தங்கும். மீனைக் கொண்டுவருபவர் அதே தொட்டியின் நீரை ஒரு தனிப் புட்டியில் எடுத்துவர வேண்டும். மருந்து ஊற்றுவதற்கு முன் எடுத்த நீராக அது இருக்க வேண்டும்.