முழங்காலை எந்தக் கோலால் அளப்பது?



நம் குடியிருப்புகளில் நாற்பது வயதைத் தாண்டியவர்களை வரிசையில் நிறுத்தி, "முழங்கால் வலியோ இடுப்பு வலியோ தோள் பிடிப்போ இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றால் எத்தனை கை உயரும்? (தோள் பிடித்தவரால் கையைத் தூக்கவும் முடியாது என்பது வேறு விஷயம்.) இருபது வருடம் சென்ட்ரிங் பலகை சுமந்தவர் நம்மிடையே இருக்கிறார். விடியுமுன் இட்லி அவித்து, பாத்திரத்தைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாய் நடந்தவர் இருக்கிறார். தோல் பட்டறையில் நாளெல்லாம் குனிந்தே இருந்தவர் இருக்கிறார். நாலு வீட்டுப் பாத்திரத்தைக் குத்துக்காலிட்டுத் தேய்த்த தாய்மார்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரையும் அரசாங்கம் ஊனமுற்றவர் என்று சொல்லவில்லை. அவர்களும் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. "வயசாச்சு, அப்படித்தான்" என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாள் நாக்காவில் போய் நிற்கிறார்கள்.

அரசாங்கக் கணக்கு என்ன சொல்கிறது? 2011 கணக்கெடுப்பில் 121 கோடி மக்களில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம், அதாவது 2.21 சதவீதம். அதிலே நடமாட்டக் குறை உள்ளவர்கள் ஏறத்தாழ 54 லட்சம். இருநூறு பேருக்கு ஒருவர் கூட இல்லை! அதற்கு முந்தைய 2001 கணக்கில் இதே வகையினர் 61 லட்சம். பத்தாண்டில் மக்கள்தொகை ஏறியது, நடக்க முடியாதவர்கள் மட்டும் குறைந்தார்களாம். கால்கள் குணமானதால் வந்த குறைவு என்று நாம் நம்பவில்லை. 2001-இல் ஐந்து வகையாக இருந்த பட்டியல் 2011-இல் எட்டு வகையாயிற்று. "பிற", "ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள்" என்று புதிய வரிகள் வந்தன. ஒரு பகுதி அங்கே போயிருக்க வேண்டும். இன்னும் பின்னால் போனால், 1981-இல் முழுக் குருடு, முழு முடம், முழு ஊமை என்று மட்டுமே கேட்டார்கள். நாடு முழுவதிலும் 11 லட்சம் பேர்தான் கிடைத்தார்கள். 1991-இல் கேட்கவே இல்லை. கேள்வி மாறும்போதெல்லாம் ஊனமுற்றோர் தொகையும் மாறியிருக்கிறது.

2011-இல் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? இவர் மனத்தாலோ உடலாலோ ஊனமுற்றவரா, ஆம் அல்லது இல்லை. வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் நின்றுகொண்டு, அடுத்த வீட்டுக்காரர் காதில் விழும்படி இப்படிக் கேட்டால் யார் "ஆம்" என்பார்? வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது. வேலைக்குச் சொல்லிவைத்த காண்ட்ராக்டர் காதுக்கு எட்டினால் என்ன ஆகும்? "இல்லை" என்று முடித்துவிடுவார்கள். ஐ.நா. ஆதரவில் 2001-இல் அமைந்த வாஷிங்டன் குழு இந்தக் கோளாறைக் கண்டு, ஊனம் என்ற சொல்லையே எடுக்காமல் கேட்கும் முறையை வகுத்தது. நடக்கவோ படியேறவோ சிரமம் உண்டா? இல்லை, கொஞ்சம், மிகவும், முடியவே முடியாது: இந்த நாலில் ஒன்றைச் சொன்னால் போதும். ஊனம் என்ற பெயரை மாற்றுத்திறன் என்று மாற்றிய வேகத்தில் பாதியையாவது கேள்வியை மாற்றுவதில் காட்டியிருக்கலாம்.

கேட்கும் விதம் மாறினால் என்ன தெரியவரும் என்பதற்கு நாம் வாழும் இந்த மராட்டிய மாநிலத்திலேயே சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச மூட்டுநோய் மருத்துவர் கழகமும் 1981-இல் தொடங்கிய காப்கார்டு என்ற திட்டம், ஏழை நாடுகளில் வீடு வீடாகச் சென்று எலும்பு, மூட்டு, தசை நோவுகளைக் கணக்கெடுப்பதற்காகவே வந்தது. அதன்படி புனே மருத்துவர் அரவிந்த் சோப்ரா குழுவினர் 1996-இல் புனே மாவட்டத்துப் பிக்வண் கிராமத்தில் இறங்கினார்கள். 4,092 பெரியவர்களைக் கேட்டதில் நூற்றுக்குப் 18 பேருக்கு மேல் இத்தகைய வலி இருந்தது. வலி வேறு, ஊனம் வேறு; இரண்டையும் ஒன்றாக்கி நாம் கூப்பாடு போடவில்லை. ஆனால் நூற்றுக்குப் பதினெட்டுக்கும் இருநூற்றுக்கு ஒன்றுக்கும் நடுவில் உள்ள அந்தப் பெரும் கூட்டம் எங்கே நிற்கிறது? அதை அளக்கக் கோல் வேண்டாமா?

கோல்கள் இருக்கின்றன. அவை யார் வீட்டில் செய்யப்பட்டவை என்று பாருங்கள். மூட்டுநோயால் வரும் முடக்கத்தை அளக்க உலகெங்கும் புழங்கும் ஒரு கேள்வித்தாள், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் 1980-இல் வெளியிட்டது. குளியல் தொட்டியில் குளிக்க முடிகிறதா, கார்க் கதவைத் திறக்க முடிகிறதா, தட்டில் இறைச்சியை வெட்ட முடிகிறதா, தூசி உறிஞ்சும் கருவியால் வீட்டைச் சுத்தம் செய்ய முடிகிறதா என்று கேட்கிறது. அவர்கள் வாழ்வுக்கு அது சரி. நம் வீட்டில் தொட்டி ஏது, கார் ஏது? டெல்லியில் மருத்துவர் மாளவியா முதலானோர் இதை நம் நாட்டுக்கு ஏற்பத் திருத்தி 2002-இல் வெளியிட்டார்கள். கழிப்பிடத்தில் குந்த முடியுமா, தரையில் சம்மணமிட முடியுமா என்ற கேள்வி அப்போதுதான் உள்ளே வந்தது. அரசாங்கம் 2018-இல் அரசிதழில் வெளியிட்ட ஊன மதிப்பீட்டு வழிகாட்டியும் குந்துவதையும் சம்மணமிடுவதையும் சேர்த்திருந்தது. நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் ஒன்று விடுபட்டுப்போயிற்று. இவை அனைத்தும் வீட்டுக்குள் ஒரு மனிதனால் என்ன முடியும் என்று கேட்பவை. சாந்துச் சட்டியோடு சாரம் ஏற முடியுமா? பத்து மணி நேரம் நின்று வேலை செய்ய முடியுமா? இதைக் கேட்பாரில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், "முடியுமா?" என்ற அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் வலித்தால் லீவு போடுகிறார். அன்றாடக் கூலிக்காரர் வலித்தாலும் போகிறார், போகாவிட்டால் அடுப்பு எரியாது. "வேலைக்குப் போகிறாயா?" என்று கேட்டால் "போகிறேன்" என்பார், நலமுள்ளவர் என்று எழுதிக்கொள்வார்கள். அவர் மேஸ்திரி வேலையை விட்டுப் பாதிக் கூலிக்கு வாட்ச்மேன் ஆனது எந்தத் தாளிலும் ஏறாது. பட்டினிக்குப் பயந்து சொல்லும் "முடியும்" என்பதை உடலின் வலு என்று கணக்கெழுதுவதை நாம் ஒப்ப மாட்டோம்.

பிழைக்க வந்தவர்களான நமக்கு இன்னொரு அநியாயமும் உண்டு. உடம்பு உழைக்கும் வரை இந்த நகரத்தில் இருக்கிறோம். உழைக்காதபோது திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ ரயிலேறிவிடுகிறோம். தேய்ந்தவர்கள் போய்விடுவதால் இங்கே உழைப்பவர்களெல்லாம் திடமானவர்கள் என்று கணக்குக் காட்டுகிறது. ஊரிலோ அவர் திண்ணையில் உட்கார்ந்த ஒரு கிழவர். எந்த நகரத்துக் கட்டடம் அவர் முழங்காலைத் தின்றது என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

சட்டத்துக்குத் துண்டித்த உறுப்பை எடைபோடத் தெரிந்திருந்தது. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று அட்டவணை போட்டது. ஒரே நாளில் விழுந்த காயத்துக்குத் தேதி உண்டு, சாட்சி உண்டு. இருபது ஆண்டாகத் தேய்ந்த மூட்டுக்கு எந்தத் தேதியைக் காட்டுவது, எந்த முதலாளியைக் காட்டுவது? 2016 சட்டப்படி சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீத ஊனச் சான்று வேண்டும். நம் சங்கத்தைத் தேடி வரும் பலர் அந்த வரம்புக்குக் கீழே நின்றுவிடுகிறார்கள். வேறு சிலர் முகவரிச் சான்று ஒரு மாநிலத்திலும் உடம்பு ஒரு மாநிலத்திலுமாக அலைந்து, கூலி இழந்தது போதுமென்று திரும்பிவிடுகிறார்கள்.

நாம் கேட்பது இதுதான். கணக்கெடுப்பில் "ஊனமா?" என்று கேட்பதை விட்டுச் சிரமத்தைப் படிப்படியாகக் கேட்கட்டும். நலவாரியங்களும் தொழிலாளர் துறையும் உழைப்பாளியிடம் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும்: ஐந்து வருடத்துக்கு முன் என்ன வேலை செய்தாய்? அதை விட்டது ஏன்? நம் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் இதை எடுத்துச் செல்லப்போகிறோம்.

2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது, கேள்வி எப்படி இருந்தாலும், உள்ளதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் உள்ள தாய்மாரின் வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை ஆண்கள் மறந்துவிடுவது வழக்கம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு தாளில் நீங்கள் செய்த வேலை, செய்த ஆண்டுகள், எந்த வருடம் எதனால் அதை விட்டீர்கள், கூலி எவ்வளவு குறைந்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் எழுத வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வாங்கி வரலாம். ஊருக்குத் திரும்பிப் போனவர்களின் விவரத்தை உறவினர்கள் எழுதித் தரலாம்.