ஆறு சூடானால் அணு உலைக்கு லீவு! ஐரோப்பாவின் கோடைக் கவலை

2025 ஜூன் கடைசியில் ஐரோப்பாவை வெயில் வாட்டி எடுத்தபோது, பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள கோல்ஃபெஷ் அணுமின் நிலையத்தில் ஓர் உலை நிறுத்தப்பட்டது. உலையில் எந்தப் பழுதும் இல்லை. பக்கத்தில் ஓடும் கரோன் ஆற்றின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தொடப்போகிறது என்பதுதான் காரணம். அதே வாரம், ஆரே ஆறு 25 டிகிரியைத் தொட்டதால் சுவிட்சர்லாந்தின் பெஸ்னாவ் நிலையமும் உலையை நிறுத்தியது.

28 டிகிரி என்பது நம் ஊரில் குளிக்க இதமான தண்ணீர். அதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

சூடான பாலை ஆற வைக்க, டம்ளரைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைப்போம் அல்லவா? பால் ஆறும், தட்டுத் தண்ணீர் சூடாகும். இரண்டும் கலப்பதில்லை. அணுமின் நிலையத்திலும் இதுதான் நடக்கிறது. உலையின் வெப்பத்தால் உண்டாகும் நீராவி டர்பைனைச் சுற்றுகிறது. வேலை முடித்த நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கத்தான் ஆற்று நீர். அது தனிக் குழாய்களில் ஓடி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது, உலைக்குள் போவதில்லை. உலை தரும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி எங்காவது போயாக வேண்டுமே!

ரோன் நதிக்கரையில் இருக்கும் புஜே நிலையத்தின் 4 உலைகளில் இரண்டு, ஆற்று நீரை எடுத்து, சூடேறியதும் அப்படியே ஆற்றில் விடுகின்றன. இந்த முறையில் ஓர் உலைக்கு விநாடிக்குச் சுமார் 40,000 லிட்டர் தேவை. 10,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால், விநாடிக்கு நாலு லாரி! மற்ற இரண்டு உலைகளுக்குக் குளிரூட்டும் கோபுரங்கள் உண்டு. வெப்பம் காற்றில் போய்விடுவதால், சுமார் இருபதில் ஒரு பங்கு நீர் போதும். ஆனால், அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும், ஆற்றுக்குத் திரும்பாது.

தட்டில் தண்ணீர் குறைவாக இருந்தால் சீக்கிரம் சூடாகும். மெலிந்த ஆறும் அப்படித்தான். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறையும், மீன்கள் திணறும். அதனால்தான் ஆற்று வெப்பத்துக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது.

‘ஆறு வற்றினால் உலை வெடித்துவிடுமோ’ என்ற பயம் இங்கே பொருந்தாது. நிறுத்திய பிறகும் எரிபொருள் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும் என்பது உண்மை. ஆனால், ஒரே நாளில் அது முழு அளவில் 1 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதைத் தணிக்கக் கொஞ்சம் நீர் போதும். கோடையில் உலையை நிறுத்துவது ஆற்றைக் காப்பாற்றத்தான்.

அந்தக் காப்பும் 2022-ல் தளர்ந்தது. உக்ரைன் போரால் எரிவாயுத் தட்டுப்பாடு. பிரான்ஸின் 56 உலைகளில் ஏறக்குறைய பாதி, குழாய் விரிசல், பராமரிப்பு என்று முடங்கிக் கிடந்தன. குளிர்காலத்துக்கு எரிவாயுவைச் சேமிக்க வேண்டும் என்று, 5 நிலையங்கள் வழக்கமான வரம்பைத் தாண்டிச் சூடான நீரை ஆற்றில் விட செப்டம்பர் வரை அனுமதி தரப்பட்டது. அவசரம் நிஜம்தான். ஆனால், வரம்பு மிக அதிகம் தேவைப்படும் கோடையில்தான் விலக்கும் வருகிறது என்பது நெருடுகிறது.

பிரான்ஸில் ஓடி பெல்ஜியத்துக்குள் நுழையும் மியூஸ் ஆற்றின் கதை வேறு. எல்லையோரம் உள்ள ஷோ நிலையம், ஆற்றில் நீர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் உலைகளை நிறுத்த வேண்டும் என்று இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம். 2020 ஆகஸ்டில் அப்படியே நிறுத்தினார்கள். கீழே பிரஸ்ஸெல்ஸும் ராட்டர்டாமும் குடிநீருக்கு இந்த ஆற்றைத்தான் பார்த்திருக்கின்றன. காவிரியைத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வெயிலாலும் நீர்க் குறைவாலும் இழப்பது ஆண்டு உற்பத்தியில் சராசரியாக 0.3 சதவிகிதம்தான் என்கிறது மின் நிறுவனமான ஈ.டி.எஃப். கேட்கச் சின்ன எண். ஆனால், இழப்பு முழுக்கச் சில கோடை வாரங்களில் மொத்தமாக வந்து விழுகிறது. 2050-ல் இது மூன்று, நான்கு மடங்காகலாம் என 2023-லேயே எச்சரித்தது அந்நாட்டுத் தணிக்கை மன்றம்.

கட்டத் திட்டமிட்டுள்ள 6 புதிய உலைகளில் நான்கு கடலோரம். மீதி இரண்டுக்கும் தேர்வான இடம், அதே ரோன் நதிக்கரைப் புஜே. ஆல்ப்ஸ் பனியாறுகள் ஊட்டும் அந்த நதியை நம்பி, அவை குறைந்தது 60 ஆண்டுகள் ஓட வேண்டும்.