யுனெஸ்கோ பரிசு கொடுக்கிற கடை இல்லை

பதிவு கொஞ்சம் நீளம். படிக்காமல் லைக் போடாதீர்கள், எனக்குத் தெரிந்துவிடும்.

நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாம். இந்த வாரம் மட்டும் மூன்று குழுக்களில் இது எனக்கு வந்தது. அனுப்பியவர்களில் இரண்டு பேர் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இது 2008 வாக்கிலேயே கிளம்பிய கதை. அப்போதே யுனெஸ்கோ மறுத்தது. நாட்டுக்கு நாடு பாட்டுப் போட்டி வைக்கிற வேலை அவர்களுக்கு இல்லை. நம் கீதத்தின் பெருமைக்கு பாரிஸிலிருந்து யாரும் சான்றிதழ் தரவும் வேண்டியதில்லை.

நான் இதைச் சொன்னதும் இன்னொரு மாணவன் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டான். "விடுங்க டீச்சர், அவங்க ஏசி ரூம்ல உட்கார்ந்து டீ குடிச்சிட்டுப் பேசுறவங்க. ராஜதந்திரிகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறான். பொய்ச் செய்தியை விட இந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. இப்படிச் சொல்கிறவனுக்கு எல்லாம் தெரிந்தவன் என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. ஆனால் அவனும் அந்தச் செய்தியை அனுப்பியவர்களைப் போலத்தான், ஒன்றையும் படித்துப் பார்க்கவில்லை.

ஒரே ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரினா பொக்கோவா. பல்கேரியாக்காரர். தொழிலால் ராஜதந்திரி. தன் நாட்டின் வெளியுறவு அமைச்சர் பொறுப்பைச் சிறிது காலம் பார்த்தவர், பிறகு பிரான்ஸில் தூதர். 2009இல் யுனெஸ்கோ தலைமை இயக்குநர் தேர்தலில் எகிப்தின் ஃபரூக் ஹோஸ்னியை ஐந்தாவது சுற்றில் 31க்கு 27 என்ற கணக்கில் வென்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். 2017 வரை இருந்தார்.

இரண்டே வருடத்தில் சோதனை வந்தது. 2011 அக்டோபர் 31 அன்று பாலஸ்தீனத்தை உறுப்பு நாடாகச் சேர்க்கலாமா என்று பொது மாநாட்டில் வாக்கெடுப்பு. ஆதரவு 107, எதிர்ப்பு 14, நடுநிலை 52. இந்தியா ஆதரித்தது. பாலஸ்தீனத்தை முழு உறுப்பினராகச் சேர்க்கும் ஐ.நா. அமைப்புக்குப் பணம் தரக்கூடாது என்று அமெரிக்காவில் 1990களிலேயே சட்டம் இருந்தது. உடனே குழாயை மூடிவிட்டார்கள். அமெரிக்கப் பங்கு எவ்வளவு தெரியுமா? மொத்த பட்ஜெட்டில் 22 சதவீதம். அந்த வருடம் வரவேண்டிய பணமே வரவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். வருடத்தின் பாதியில், நூறு ரூபாயில் இருபத்திரண்டு ரூபாய் இனி இல்லை என்கிறார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறையாது, பாடம் குறையாது, பரீட்சைத் தேதியும் மாறாது. தலைமையாசிரியர் என்ன செய்வார்?

பொக்கோவா புதிய நியமனங்களை நிறுத்தினார், சில திட்டங்களைத் தள்ளி வைத்தார், அவசர நிதி ஒன்றைத் தொடங்கி நாடு நாடாகக் கேட்டார். கேபான், இந்தோனேசியா, கத்தார், சவூதி அரேபியா போன்ற நாடுகள் கொடுத்தன. கேபான் மாதிரி சின்ன நாடு முன்வந்து கொடுத்ததைக் கவனியுங்கள். 2014-15க்கு 65 கோடி டாலருக்குக் கொஞ்சம் அதிகமாக பட்ஜெட் ஒப்புதல் ஆனது. கையில் இருந்ததை வைத்து 50 கோடியே 70 லட்சத்துக்குத்தான் செலவுத் திட்டம் போட முடிந்தது. டீ குடித்துக்கொண்டு செய்கிற வேலையா இது?

தன்மானம் இருந்தால் ராஜினாமா செய்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்லலாம். அதற்கும் முன்னுதாரணம் உண்டு. யுனெஸ்கோவின் இரண்டாவது தலைமை இயக்குநர் மெக்சிகோவின் ஹைமே டோரஸ் போதெத். கவிஞர், அவரும் ராஜதந்திரிதான். உறுப்பு நாடுகள் பட்ஜெட்டை வெட்டின என்று 1952இல் பதவியை விட்டு வெளியேறினார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. 1944இல் தன் நாட்டில் கல்வி அமைச்சராக இருந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் தெரியாத ஒருவருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தவர். ஊருக்குத் திரும்பி மறுபடியும் கல்வி அமைச்சரானார். 1959இல் இலவசப் பாடநூல் திட்டம் தொடங்கியது அவர் காலத்தில்தான். ராஜதந்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சம்பந்தம் கேட்டாயே தம்பி, இதோ இருக்கிறது.

ஆனாலும் 2011இல் ராஜினாமா தவறாகப் போயிருக்கும் என்பதே என் கருத்து. பாலஸ்தீனத்தைச் சேர்த்தது உறுப்பு நாடுகள், இயக்குநர் அல்ல. நாடுகள் எடுத்த முடிவுக்காக இயக்குநர் நாற்காலியை விட்டுப் போனால், பணத்தை நிறுத்தினவர்கள் ஆளையும் மாற்றலாம் என்று ஆகியிருக்கும். அவர் உட்கார்ந்தார். அமெரிக்காவுக்கு நடையாக நடந்து பேசினார். அங்கே சட்டம் அசையவில்லை. சந்தா கட்டாததால் 2013இல் அமெரிக்கா தன் ஓட்டுரிமையை இழந்தது. விதி என்றால் எல்லாருக்கும் விதிதான்.

அந்தப் பஞ்ச காலத்தில்தான் திம்புக்து நடந்தது. மாலி நாட்டில் பாலைவன ஓரத்து ஊர். 2012இல் ஆயுதக் குழுக்கள் அங்கே ஊரார் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்த சூஃபி மகான்களின் மண் சமாதிகளைக் கடப்பாரையால் இடித்தார்கள். பட்டியலில் இருந்த பதினாறில் பதினான்கு போயிற்று. "மண் குவியல்தானே" என்று விட்டிருக்கலாம். யுனெஸ்கோ பிடித்துக்கொண்டது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு கான்ட்ராக்ட் விடவில்லை. அந்த ஊர் கொத்தனார்களே, அப்பன் பாட்டன் கற்றுத்தந்த முறையில், அதே மண்ணைக் குழைத்துத் திரும்பக் கட்டினார்கள். 2015 ஜூலையில் பொக்கோவா போய்ப் பார்த்தார். இடித்தவர்களில் ஒருவனைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் ஒன்பது வருடம் உள்ளே தள்ளியது. பண்பாட்டுச் சின்னங்களை இடித்ததை மட்டுமே முதன்மைக் குற்றமாக வைத்து அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதுவே முதல் தடவை. மறு வருடம் மார்ச்சில் பாதுகாப்பு சபை, பண்பாட்டுச் சின்னங்களைக் காப்பதற்கென்றே 2347ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. கோயில் இடிவதும் நூலகம் எரிவதும் என்னவென்று தெரிந்த மொழியில் நாம் பேசுகிறோம். யாழ்ப்பாணத்தை மறந்துவிட்டீர்களா?

பரிசு பரிசு என்கிறீர்களே, உண்மையான ஒரு பரிசின் கதையையும் கேளுங்கள். எக்குவடோரியல் கினியின் அதிபர் ஒபியாங் தன் பெயரில் யுனெஸ்கோ விஞ்ஞானப் பரிசு வேண்டும் என்று 30 லட்சம் டாலர் தர முன்வந்தார். 1979இலிருந்து நாட்டைப் பிடியில் வைத்திருப்பவர். பொக்கோவா தடுத்துப் பார்த்தார். பணம் வந்த வழி விதிக்குப் பொருந்தவில்லை என்று சட்டக் கருத்தும் வந்தது. 2012 மார்ச்சில் நிர்வாகக் குழு, பெயரில் ஒபியாங்கை எடுத்துவிட்டு நாட்டின் பெயரைப் போட்டு, 33க்கு 18 என்று நிறைவேற்றிவிட்டது. பரிசு கொடுக்கப்பட்டது. அவர் தோற்றார். அந்தப் பதவிக்கு அவ்வளவுதான் அதிகாரம்.

அவர் மேல் எனக்கும் குறை உண்டு. 2000இல் டக்கார் நகரில் கூடி, 2015க்குள் எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் என்றார்கள். நடக்கவில்லை. 2015இல் பொக்கோவா தலைமையில் தென்கொரியாவின் இஞ்சியோனில் கூடி, 2030 என்றார்கள். வீட்டுப்பாடம் செய்யாத பையன் "நாளைக்கு டீச்சர்" என்கிற மாதிரி இருக்கிறது. ஐ.நா. பொதுச் செயலாளர் பதவிக்கு அவர் 2016இல் போட்டியிட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. வீடு ஒழுகும்போது வேறு வீடு பார்க்கப் போவானேன்? அதில் அவருடைய சொந்த அரசே கடைசி நேரத்தில் அவரை விட்டுவிட்டு வேறொருவரை நிறுத்தியது, அது தனிக் கொடுமை.

ஆனால் அவர் காலத்தில் வந்த 2013-14 உலகக் கல்வி அறிக்கையை நான் மறக்க மாட்டேன். 25 கோடிப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரவில்லை என்று அது சொன்னது. சொல்லிவிட்டு ஆசிரியரைத் திட்டவில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாடுகளில், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்குக்கூடப் பயிற்சி இல்லை என்று எடுத்துக் காட்டியது. பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் சாக்பீஸ் பிடிக்கப் பழகி வந்தவள் நான். "யார் வேண்டுமானாலும் டீச்சர் ஆகலாம்" என்பவர்களிடம் காட்ட அந்த ஒரு வரி எனக்குப் போதும்.

அமெரிக்கா அதன் பிறகு 2018 கடைசியில் வெளியே போய், 2023இல் திரும்பி வந்து, 2026 டிசம்பரில் மறுபடியும் போவதாகச் சொல்லிவிட்டது. 1984இல் போனதையும் சேர்த்தால் இது மூன்றாவது தடவை. அந்தப் பணம் இல்லாமல் யார், எப்படி ஓட்டப்போகிறார்கள் என்பதுதான் இப்போது பார்க்க வேண்டிய செய்தி. அதைப் பற்றி ஒருவரும் ஒரு ஃபார்வர்டும் அனுப்பக் காணோம்.