கிட்டியும் சுட்டியும்

கணிப்பொறியின் பக்கத்தில் கையடக்கமாகக் கிடக்கும் கருவிக்குப் பெயர் என்னவென்று தஞ்சைக் கீழவீதியிலோ குடந்தைக் கடைத்தெருவிலோ நின்று கேட்டுப் பாருங்கள். 'மவுசு' என்று விடை வரும். தமிழில் என்ன என்று மேலும் கேட்டால், சற்றே தயங்கி, 'எலிதானே' என்று சிரிப்பார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் 'சுட்டி' என்று அச்சாகி இருக்கிறது. அதைப் படித்துத் தேர்வெழுதித் தேறிய பிள்ளையும் கடைக்கு வந்தால் 'மவுசு' என்றே கேட்கிறான். ஏட்டில் தமிழ், நாவில் ஆங்கிலம். முன்பே நம் கடைத்தெருவில் 'மவுசு' என்றோர் அயற்சொல் உண்டு. ஒரு சரக்கின்மேல் மக்களுக்குள்ள மோகத்தைக் குறிப்பது அது. இப்போது இரண்டும் ஒன்றாய்ப் பொருந்திவிட்டன போலும்!

சுட்டி என்பது பொருந்தாச் சொல்லாக இருந்து மக்கள் அதனை ஒதுக்கியிருந்தால் நாம் வாய்மூடி இருக்கலாம். ஆனால் பொருந்தாச் சொல் எதுவென்று ஆராய்ந்தால் அஃது ஆங்கிலச் சொல்லாகவே இருக்கிறது. அந்தக் கருவியை ஆக்கியவரே ஒப்புக்கொண்ட செய்தி இது.

கருவி பிறந்த இடம் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கு என்னும் ஊரில் இருந்த இசுட்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனம். தக்ளசு எங்கல்பார்ட்டு என்னும் பொறியியலறிஞர், கணிப்பொறித் திரையில் ஓரிடத்தைக் கையால் குறித்துக் காட்டுவதற்கு வழி தேடினார். அவர் எண்ணத்திற்கு 1964இல் உருக்கொடுத்தவர் உடன் பணியாற்றிய பில் இங்கிலீசு. (பெயரே 'இங்கிலீசு'! ஆகையால் பழியை முழுவதும் அவர் தலையில் கட்டிவிடலாமே என்று தோன்றும். அதற்குச் சான்று இல்லை.) குடைந்தெடுத்த மரக்கூடு; அதனடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் இரண்டு மாழைச் சில்லுகள்; மேலே ஓர் அமுக்குக் குமிழ். மேசைமேல் தள்ளினால் ஒரு சில்லு நெட்டசைவை அளக்கும், மற்றது குறுக்கசைவை அளக்கும். கூட்டிலிருந்து நீண்ட கம்பி வால்போல் தோன்றவே, ஆய்வுக்கூடத்தில் எவரோ ஒருவர் விளையாட்டாக எலி என்றார். எவர் என்பது பின்னாளில் ஒருவர் நினைவிலும் இல்லை.

1968 திசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிசுகோ நகரில் ஏறத்தாழ ஆயிரம் கணிப்பொறியறிஞர் கூடிய அரங்கில் எங்கல்பார்ட்டு அதனை இயக்கிக் காட்டினார். இதனை ஏன் எலி என்கிறோம் என்று தமக்கே விளங்கவில்லை என்றும், சிலபோது அதற்காகத் தாம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பதுண்டு என்றும், தொடக்கத்தில் அப்படி வந்துவிட்டது, பின்னர் மாற்றவேயில்லை என்றும் அந்த அரங்கிலேயே அவர் கூறினார். பெற்ற தந்தையே பெயருக்காகப் பொறுத்தருளக் கேட்ட பிள்ளை உலகில் வேறு உண்டா?

இன்னொன்றும் காண்க. அக் கருவிக்கு 1967இல் கேட்டு 1970 நவம்பர் 17இல் பெற்ற காப்புரிமை ஆவணத்தின் தலைப்பில் எலியும் இல்லை, வாலும் இல்லை. 'திரையமைப்புக்கான நெட்டுக்குறுக்கு நிலைகாட்டி' என்னும் பொருள்பட அது தலைப்பிடப்பட்டிருக்கிறது. சட்டத்தின்முன் நிற்கும்போது கருவியை அதன் தொழிலைக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. (அக் காப்புரிமை நிறுவனத்துக்கு உரியதாயிற்று, ஆக்கியவருக்கு அதனால் ஊதியப் பங்கு ஏதும் வரவில்லை. 2013 சூலை 2இல் அவர் மறைந்தார்.) செருமானியர் செய்ததும் எண்ணத்தக்கது. அமெரிக்க அரங்கேற்றத்துக்கு இரண்டு திங்கள் முன்னரே, 1968 அக்தோபரில், தெலிபங்கன் நிறுவனம் இதையொத்த கருவியொன்றை விற்பனைக்கு அறிவித்திருந்தது. கவிழ்த்த கிண்ணம் போன்ற உடல். அடியில் சில்லுகளுக்கு மாறாக உருளும் பந்து. அவர்கள் அதற்கிட்ட பெயர் 'உரோல்கூகல்', அதாவது உருள்பந்து. பின்னாளில் அவர்களும் ஆங்கிலத்தைப் பார்த்து எலி என்று மொழிபெயர்த்துக்கொண்டது வேறு.

தோற்றத்தைக் கொண்டு இட்ட பெயர் தோற்றம் உள்ளவரை செல்லும். இக் கருவியின் தோற்றமோ ஓரிடத்தில் நிற்கவில்லை. எலிக்கு முன்பே 1952இல் கனடியக் கடற்படைக்காக ஆக்கிய கருவியில், பந்துருட்டு விளையாட்டில் பயன்படும் பந்தையே பொருத்தி, மேலிருந்து கையால் உருட்டினார்கள். மேசைமேல் எதுவும் ஓடவில்லை. எங்கல்பார்ட்டின் குழுவினரே 1960களின் நடுவில் பல கருவிகளை வரிசையாய் வைத்து ஆய்ந்தபோது, மேசைக்கடியில் முழங்காலால் தள்ளி இயக்கும் கருவியொன்றும் அதில் இருந்தது. புதியவர்க்கு அந்த முழங்காற் கருவி எளிதாகவே அமைந்தது. பழகியவர் கையில்தான் எலி முந்தியது. கொஞ்சம் தவறியிருந்தால் உலகமெல்லாம் இன்று முழங்காலை ஆட்டிக்கொண்டு எழுதியிருக்கும்!

1998இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறியோடு சேர்த்து விற்ற கருவி, உளுந்துவடையில் துளையை அடைத்ததுபோல் முழுவட்டமாக இருந்தது. பார்வைக்கு அழகு. கண்ணை எடுத்துவிட்டால் எது முன், எது பின் என்று கைக்குத் தெரியாது. கை ஒருபுறம் போக, திரையில் அம்பு மறுபுறம் போகும். 2000இல் அதனைக் கைவிட்டார்கள். அதே நிறுவனம் 2015இல் கம்பியில்லாக் கருவியொன்றை ஆக்கி, மின்னூட்டும் துளையை அதன் வயிற்றில் வைத்தது. மின்னூட்ட வேண்டுமென்றால் மல்லாத்திப் போடவேண்டும். ஊட்டி முடியும்வரை பயன்படுத்த இயலாது. கைத்தொழில் அறியாத கம்மியன் செய்ததுபோன்ற இப் பிழையைப் பெரும்பொருள் கொட்டிச் செய்திருக்கிறார்கள். மணிக்கட்டு நோவுக்காகக் கைகுலுக்கும் நிலையில் நெட்டுக்குத்தாய்ப் பிடிக்கும் கருவிகளும் வந்துள்ளன. பந்து போய் ஒளி வந்தது. கம்பியும் போயிற்று. எந்த வாலைக் கண்டு எலி என்றார்களோ அந்த வாலே இன்று பெரும்பாலானவற்றில் இல்லை. கைகால் இயங்காதவர்கள் கண்ணசைவாலும் தலையசைவாலும் இயக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றிலே எலியைத் தேடுபவர் எங்கே தேடுவார்? ஆயினும் விளையாட்டு ஓயவில்லை. இக் கருவியின் நகர்வை அளக்கும் அலகுக்கு 'மிக்கி' என்று பெயர். வால்ட்டு திசுனியின் கேலிப்பட எலியின் பெயர் அது!

இனி, நம்மவரில் சிலர் சொல்வதற்கு வருவோம். 'எலி என்பது தூய தமிழ்ச்சொல் அன்றோ? கன்னடத்தில் இலி, தெலுங்கில் எலுக, மலையாளத்தில் எலி என இனமொழிகளிலெல்லாம் வழங்கும் பழஞ்சொல் அன்றோ? பிரெஞ்சியரும் இசுபானியரும் தத்தம் மொழியில் எலி என்றே சொல்லும்போது நாமும் அவ்வாறே சொன்னால் என்ன குறை?' என்பது அவர்கள் வினா. சொல் தமிழ்தான், பெயரிட்ட எண்ணம் தமிழன்று என்பதே நம் விடை. பிறர் விளையாட்டாய்ச் சொன்னதை எழுத்தெண்ணிப் பெயர்த்து வைப்பது மொழியாக்கம் ஆகாது. அவர்கள் வாய்தவறி இருமினால் நாமும் இருமுவதா?

அன்றியும், எலி என்பது காவிரிப் படுகையில் விளையாட்டுச் சொல் அன்று. மேலைநாட்டு நகரத்தானுக்கு எலி சுவரோரத்தில் ஓடும் சிற்றுயிர். தஞ்சை, திருவாரூர், நாகை உழவனுக்கோ அது குறுவையிலும் சம்பாவிலும் தாளடியிலும் தன்னோடு பங்குக்கு நிற்கும் பகை. தாளை அடியில் கடித்துச் சாய்க்கும். வரப்பைக் குடைந்து கட்டிய நீரைக் கசியவிடும். முற்றிய கதிரை அறுத்து வளைக்குள் அடுக்கும். அறுவடை முடிந்த வயலில் அவ் வளைகளைத் தோண்டிக் கதிர் எடுத்து உலை வைத்த ஏழைக் குடும்பங்கள் இப் படுகையில் உண்டு. வயலெலி, வெள்ளெலி, சுண்டெலி, பெருச்சாளி என ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லி அறிந்தவர்கள் நம் மக்கள். (பெருச்சாளிக்கு ஆங்கிலேயன் வழங்கும் 'பாண்டிகூட்டு' என்னும் பெயரே தெலுங்கின் பந்திக்கொக்கு, அதாவது பன்றியெலி, திரிந்தது. நம் மண்ணின் எலிக்குப் பெயர்வைக்க நம் இனமொழியிடம் அவன் கடன் வாங்கினான். அவன் மரக்கட்டைக்கு வைத்த கேலிப்பெயரை நாம் கடன் வாங்குகிறோம்.) புறநானூற்றில் 190ஆம் பாட்டைப் பாடியவர் சோழன் நல்லுருத்திரன். விளைந்த கதிரைக் கொண்டுபோய் வளையை நிரப்பும் எலி போன்ற சிறுமுயற்சியாளரோடு நட்பு வேண்டா, புலி போன்ற ஊக்கமுடையாரோடு நட்பு வேண்டும் என்பது அப் பாட்டின் கருத்து. சோழநாட்டு வேந்தன் நாவில் எலி எத்தகைய உவமையாய் நின்றது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த எலியைப் பிடிக்க இந்த மண் ஆக்கிய கருவி ஒன்று உண்டு. மூங்கிலை வில்லாக வளைத்து, நாண் பூட்டி, நெல்லை இரையாக வைத்து, மாலையில் வயலில் நட்டுவிடுவார்கள். எலி இரையைத் தொட்டதும் வளைந்த மூங்கில் விடுபட்டு அதன் கழுத்தை நெரிக்கும். வைகறையில் வந்து எடுத்துக்கொள்வார்கள். நஞ்சு இல்லை, மின்சாரம் இல்லை, இரும்பு கூட மிகுதியாக வேண்டா. வேளாண்துறையார் இன்றும் பரிந்துரைக்கும் இதற்குத் 'தஞ்சாவூர் கிட்டி' என்றே பெயர்; ஆங்கில வேளாண் நூல்களிலும் தஞ்சாவூரின் பெயரோடுதான் இந்த வில்பொறி எழுதப்படுகிறது.

இப் பெயரைக் கூர்ந்து நோக்குக. கிட்டுதல் என்பது இறுகுதல், நெருக்குதல். பல் கிட்டிற்று என்கிறோம். நெருக்கிப் பிடிப்பது கிட்டி. அதைச் செய்தவன் எழுத்தறியாத உழவனாக இருந்திருக்கலாம். வில்லைப் போல் இருக்கிறது, ஆகவே வில் என்போம் என்று அவன் தோற்றத்தின்பின் ஓடவில்லை. என்ன செய்கிறது என்று பார்த்தான், அவ் வினையின்மேல் ஓர் இகரத்தை ஏற்றினான், பெயர் பிறந்தது. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, இடுக்குவது இடுக்கி, துருவுவது துருவி, வடித்துக் கட்டுவது வடிகட்டி. நம் அடுக்களையும் களத்துமேடும் முழுவதும் இவ்வாறு பெயர்பெற்ற கருவிகளே. கிட்டு என்பதிலிருந்து கிட்டி வந்த அதே வழியில்தான் சுட்டு என்பதிலிருந்து சுட்டி வந்தது. தஞ்சை வயலின் எலிப்பொறிக்கும் மேசைமேலுள்ள 'எலி'க்கும் தமிழ் ஒரே அச்சில் பெயர் வார்த்திருக்கிறது!

சுட்டு என்பதும் நேற்றுப் பிறந்த சொல்லன்று. அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்துகள் எனத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. அது, இது என்று பொருளைக் காட்டுவது சுட்டு. திரையில் உள்ளவற்றுள் இது வேண்டும், அது வேண்டும் என்று காட்டுவதைத் தவிர இக் கருவி வேறென்ன செய்கிறது? அதன் இடப்பக்கக் குமிழின்மேல் படிந்திருக்கும் விரலைப் பாருங்கள். அதன் பெயர் சுட்டுவிரல். கணிப்பொறியைக் கனவிலும் காணாத முன்னோர் இட்ட பெயர் அது.

'சுட்டி என்றால் குறும்புப் பிள்ளை அல்லவா? நெற்றியில் அணியும் அணியும் அல்லவா?' என்று மறுப்பாரும் உளர். அல்ல என்று யார் சொன்னார்? படி என்றால் அளக்கும் படியுமாம், ஏறும் படியுமாம், படிக்கச் சொல்லும் ஏவலுமாம். அதனால் படியேறும்போது எவரும் நெல் அளக்கத் தொடங்கிவிடவில்லை. ஆங்கிலச் சொல் மட்டும் என்ன, ஒரு பொருளிலா நிற்கிறது? அஃது உயிருள்ள எலியையும் குறிக்கிறது. அப்போது இந்த ஐயத்தை அவர்கள் எழுப்பக் காணோம்.

தொழிலால் வந்த பெயர் என்பதால் உருவம் எப்படி மாறினாலும் இப் பெயர் தளராது. அடைமொழி ஒன்று சேர்த்தால் போதும். உருளும் பந்துடையது பந்துச்சுட்டி. கண்ணால் இயக்குவது விழிச்சுட்டி. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் இப் படுகையின் சிற்றூர்ப் பிள்ளைகளும் கணினி பெற்றார்கள். அதில் விரலால் தடவி இயக்கும் பலகை இருந்தது. வால் இல்லை, உடல் இல்லை, ஓட்டமும் இல்லை. அதற்கு எலி என்று பெயர்சொல்ல ஆங்கிலேயனுக்கே வாய் வரவில்லை. வேறு சொல் தேடிக்கொண்டான். தமிழில் அது தொடுசுட்டி. வேறு சொல் தேடவே வேண்டா.

அறிவியல் களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் நிறுவப்பெற்றுத் தஞ்சையிலேயே நிற்கிறது. பாடநூலில் சொல் இருக்கிறது. ஆக்கவேண்டிய சொல் எதுவும் பாக்கியில்லை. ஆசிரியர்கள் வகுப்பில் 'சுட்டியை நகர்த்து' என்று ஏவவேண்டும். பாடம் நடத்தும்போது மட்டும் சுட்டி, பிள்ளையை அதட்டும்போது மவுசு என்று இருத்தல் கூடாது. கணிப்பொறிக் கடை வைத்திருக்கும் அன்பர்கள் தம் விலைப்பட்டியலில் இரண்டு வரியை மாற்றினால் போதும்: கம்பிச்சுட்டி இன்ன விலை, கம்பியில்லாச் சுட்டி இன்ன விலை.