முன்னோடிக்குக் கல்லறை, காடு வெட்டியவருக்கு?

கண்டி மஹையாவ கல்லறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கல்லறை இருக்கிறது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர். இலங்கைத் தேயிலையின் முன்னோடி என்று கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1892இல் அவர் இறந்தபோது உடலைக் கண்டி வரை சுமந்தவர்கள் 24 பேர். பன்னிரண்டு பன்னிரண்டு பேராகத் தோள் மாற்றிக்கொண்டார்கள் என்கிறது வரலாறு. சுமந்தவர்கள் பெயர் என்ன? அவர்களை எங்கே புதைத்தார்கள்?

உண்மையில் காட்டை வெட்டித் தோட்டமாக்கியது யார்? 1820களிலிருந்து, முதலில் காப்பிக்காக, தமிழகத்திலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் தோட்டத்து மண்ணுக்குள் போனார்கள். நிலமே சொந்தமில்லாதவருக்குச் சமாதி மட்டும் எப்படிச் சொந்தமாகும்?

'கடல் கடந்த தமிழன்' என்று மேடையில் மார் தட்டுகிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்வதில்லை. போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். கடனில் கட்டி வேலை வாங்கிய பெரிய கங்காணிகள் பெரும்பாலும் ஆதிக்க சாதியினர். லயத்து அறைகளைக்கூடச் சாதி பார்த்துத்தான் பிரித்தார்கள். வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுக் கங்காணியைத் தப்பவிடுவது என்ன வரலாறு?

விட்டுவந்த ஊரிலாவது புதைக்க மரியாதையான இடம் இருந்ததா? ஊர்ச் சுடுகாடு வேறு, சேரிச் சுடுகாடு வேறு. இது பழங்கதையும் அல்ல. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல் வழியே போக வழி கிடைக்காமல், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள்.

பெயரில்லாத புதைகுழி வெறும் மனவருத்தத்தோடு முடிந்துவிடவில்லை. 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம், உன் அப்பன் இங்கே பிறந்தான் என்பதை நிரூபி, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததை நிரூபி என்றது. பிறப்பும் இறப்பும் ஒழுங்காகப் பதியப்படாத மக்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்த நாட்டு மண்ணில் எலும்பாய்க் கிடந்த பூட்டன் சாட்சியாக ஏற்கப்படவில்லை.

2023 ஜூலை 28 அன்று அவர்களின் வாரிசுகள் தலைமன்னாரில் கிளம்பி, அதே பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். கூடவே, உயிரோடு இருப்பவர்களுக்குச் சொந்த நிலமும் கேட்டார்கள்.