கண்காணிப்புக்கும் ஒரு முடிவு வேண்டும்

காளஹஸ்தி உள்ளிட்ட ஆந்திர நகரங்களின் காவல் நிலையங்களில் ‘ரௌடி ஷீட்’ என்னும் ஏடு உண்டு. அதைத் திறப்பதும் நீட்டிப்பதும் காவல் துறையே. வழக்கில் விடுதலையானவர்களும் தம் ஏட்டை மூடக் கோரி உயர் நீதிமன்றப் படியேறுகின்றனர்.

இதனை 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடப்பட்டவருக்கு உச்சவரம்பு 3 ஆண்டுகள். நடத்தைக்கேற்ப நீதிமன்றம் நிபந்தனைகளை மாற்றலாம். தேவையில்லை எனில் முன்னதாகவே முடித்துவைக்கலாம். குற்றவாளிக்குத் திறந்திருக்கும் வாசல் ஐயத்துக்குரியவருக்கு அடைபட்டிருப்பது என்ன நீதி?

காவலர் இரவில் வீடு புகுந்து பார்ப்பது செல்லாது என 1962இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024இல் டெல்லி வழக்கொன்றில், இத்தகைய ஏடுகளை மூத்த அதிகாரி காலந்தோறும் மறுஆய்வு செய்யப் பணித்தது.

ஆபத்தானவரைக் கண்காணிக்க வேண்டாம் என்பதன்று என் வாதம். திருந்தி வாழும் முதியவரையும் இன்று கத்தியெடுப்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், காவலரின் கண் பின்னவர்மேல் நிலைக்காது. ஆண்டுதோறும் மறுஆய்வு, எழுத்தில் காரணம், உரியவரின் விளக்கம், காவல் துறைக்கு வெளியே ஒரு மேல்முறையீடு: இந்நான்கும் இன்றியமையாதவை.