உரத்துக்கு நாடாளுமன்றம், ரேஷனுக்கு ஒரு உத்தரவு

நாட்டுக்குக் கஷ்டகாலம் வந்தால் யார் தட்டில் கை வைப்பது என்பது பொருளாதாரக் கேள்வி அல்ல. சாதிக் கேள்வி. பொருளாதாரம் எழுதுகிற மேதாவிகள் இதைச் சொல்வதில்லை. நாடாளுமன்றத்தில் மேசையைத் தட்டுகிற எதிர்க்கட்சிகளும் சொல்வதில்லை. ஆகவே நாம் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. மேகமலையிலிருந்து இறங்கிவரும் தேயிலைத் தோட்டத்துச் சனம், சின்னமனூர், கம்பம் பக்கம் நாற்று நடும் சனம், ஜீப்பில் அடைந்துகொண்டு கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பெண்கள் எல்லாரும் நகைக்கடன் கவுண்டருக்கு வருகிறார்கள். தோடு, மூக்குத்தி, தாலிக்குண்டு. கம்மல் அடகுக்குப் போன வீட்டில் முதலில் யாருடைய சோறு குறையும் என்று அவர்களிடம் கேளுங்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் பானையடியைச் சுரண்டுகிறவளின் சோறுதான் குறையும். வீட்டுக்குள் அவள் இருக்கும் இடத்தில் நாட்டுக்குள் சேரி இருக்கிறது.

1991இல் இந்திய அரசே நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போனது. கையில் இருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் காணும். மே மாதம் 20 டன் தங்கம் ஸ்விட்சர்லாந்து வங்கிக்குப் போனது. ஜூலையில் ஏறக்குறைய 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு வைக்கப்பட்டது. ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாக இறக்கப்பட்டது. ஜூலை 24 அன்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்தார். மானியத்தை வெட்ட வேண்டும், உரவிலை 40 சதவீதம் ஏற வேண்டும் என்றார்.

என்ன நடந்தது? எதிர்க்கட்சிகள் கொதித்தன. நரசிம்மராவின் சிறுபான்மை அரசு ஆட்டம் கண்டது. காங்கிரஸ் எம்.பி.க்களே தங்கள் நிதியமைச்சரை எதிர்த்து நின்றார்கள். ஆகஸ்டு மாதமே அரசு பின்வாங்கியது. 40 சதவீதம் 30 ஆனது, சிறு குறு விவசாயிகளுக்கு உயர்வே இல்லை என்றானது. பன்னாட்டு நிதியம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது. மக்களவைக்குப் பலம் இல்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள். பலம் இருக்கிறது. யாருக்காக என்பதுதான் கேள்வி.

இப்போது அரிசிக்கு வருவோம். ரேஷனுக்காக மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுக்கும் சாதா அரிசி 1991 டிசம்பர் கடைசி வரை குவிண்டால் 289 ரூபாய். பிறகு 377. 1993 ஜனவரியில் 437. 1994 பிப்ரவரியில் 537. இரண்டே கால் வருசத்துக்குள் கிட்டத்தட்ட 86 சதவீதம் ஏற்றம். அதை மாநிலம் சுமக்கவேண்டும், இல்லையென்றால் சனம் சுமக்கவேண்டும். எதிர்ப்புக் குரல் எழாமல் இல்லை. ஆனால் ஒரு விலைகூடத் திரும்பவில்லை.

உரம் யாருக்கு வேண்டும்? நிலம் உள்ளவனுக்கு. ரேஷன் அரிசி யாருக்கு வேண்டும்? அந்த நிலத்தில் நாற்று நட்டுவிட்டுக் கூலியோடு திரும்புகிறவளுக்கு. பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற பள்ளத்தாக்கு இது. நெல்லை நடுவதும் அறுப்பதும் சேரிச் சனம். அரிசிக்குக் கடையில் வரிசையில் நிற்பதும் அதே சனம். உரமானியத்துக்காகப் போராடியது தப்பு என்று நான் சொல்லவில்லை. காணி நிலம் வைத்திருக்கிற நம்மாளுக்கும் அது உதவியிருக்கும். அந்தக் கோபத்தில் கால்வாசிகூட அரிசிக்கு ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறேன்.

ஒரு காரணம் நிர்வாகத்தின் சூட்சுமம். உரவிலை பட்ஜெட் உரையில் வந்தது. சபைக்கு நடுவில் வந்ததால் சபை பிடித்துக்கொண்டது. ரேஷன் விலையோ அரசு உத்தரவில் ஏறுகிறது. மசோதா கிடையாது, ஓட்டெடுப்பு கிடையாது. மானியக் கோரிக்கையின் மேல் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். கொள்கை பிடிக்கவில்லை என்றால் மொத்தத் தொகையையும் ஒரு ரூபாயாக்கு, குறையைச் சொல்ல நூறு ரூபாய் குறை என்று கேட்க விதி இருக்கிறது. ஆனால் பெரும்பாலான துறைகளின் கோரிக்கை கடைசி நாளில் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறுகிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கில்லட்டின். தலையை வெட்டும் எந்திரம். யார் தலை என்று சொல்லத் தேவையில்லை.

இது பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2020 செப்டம்பர், கொரோனாவில் பொருளாதாரம் படுத்துக்கிடந்த நேரம். வேளாண் மசோதாக்களை எதிர்த்து மாநிலங்களவை அல்லோலகல்லோலப்பட்டது, எட்டு எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதை எதிர்த்து எதிர்க்கட்சிகள் சபையைப் புறக்கணித்தன. அவர்கள் இல்லாத அந்தச் சபையில், செப்டம்பர் 23 அன்று, மூன்று தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நிறைவேறின. வேளாண் சட்டங்கள் 2021 நவம்பரில் ரத்தாயின. தில்லி எல்லையில் ஒரு வருசம் உட்கார்ந்தவர்களின் வெற்றி அது, வணங்குகிறேன். தொழிலாளர் சட்டத்தொகுப்புகளோ 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தன.

அதில் மேகமலைக்கு என்ன? 1951ஆம் வருசத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் போயிற்று. லயத்து வீடு, தோட்டத்து ஆஸ்பத்திரி, பிள்ளை மடுவம் எல்லாவற்றுக்கும் பிடிமானமாக இருந்த தனிச்சட்டம் அது. 13 சட்டங்களைக் கரைத்த ஒரே தொகுப்புக்குள் அதுவும் கரைந்துவிட்டது. வசதிகள் எழுத்தில் இருக்கின்றன. அளவும் தரமும் விதிகளுக்கு விடப்பட்டிருக்கின்றன. விதி என்றால் என்ன? மறுபடியும் அரசு உத்தரவு. மணலாற்றிலும் இரவங்கலாற்றிலும் கொழுந்து பறிக்கிறவளின் வீட்டுக்கூரை, ஓட்டுப் போடாத சபையில் போயிருக்கிறது.

2025 டிசம்பரில் நூறுநாள் வேலைச் சட்டத்துக்கும் அதே கதி. புதுச்சட்டம் 125 நாள் என்றது. செலவில் 40 சதவீதத்தை மாநிலங்கள் தலையில் வைத்தது. விதைப்பு, அறுப்புக் காலத்தில் வருசத்துக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் சொன்னது. சேரிக்காரி பேரம் பேச முடிவது அந்த 60 நாளில்தான். பண்ணையாருக்குக் கூலியாள் மலிவாகக் கிடைக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டுக் கொடுக்கிறது. எதிர்க்கட்சிகள் மசோதா நகலைக் கிழித்தன. ஆனால் என் காதில் அதிகம் விழுந்தது காந்தி பெயரை எடுத்துவிட்டார்களே என்ற அங்கலாய்ப்பு.

காந்தி பெயர் வந்துவிட்டது, அதனால் 1932ஐயும் பேசிவிடலாம். 1931இல் உலகமே பொருளாதாரச் சரிவில் கிடந்தது. பிரிட்டனில் வேலையில்லாதோர் உதவித்தொகையில் 10 சதவீதத்தை வெட்டப் போனபோது ராம்சே மெக்டொனால்டின் தொழிற்கட்சி மந்திரிசபையே உடைந்தது. அவர் எதிர்முகாமோடு கைகோத்துத்தான் அதை வெட்ட முடிந்தது. வேலையில்லாதவனுக்கு மந்திரிசபைக்குள் ஆள் இருந்தான் என்பது இதன் அர்த்தம். அதே மெக்டொனால்டு 1932 ஆகஸ்டில் நமக்குத் தனி வாக்காளர் தொகுதி அறிவித்தார். எரவாடா சிறையில் காந்தி பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24, பூனா ஒப்பந்தம். இடங்கள் கூடின. நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று.

விளைவு? 1991 மக்களவையில் தலித்துகளுக்கு ஒதுக்கிய இடம் 79. இப்போது 84. ஒரு கட்சி அளவுக்கு ஆள் இருந்தும் ரேஷன் அரிசிக்காக ஓர் அணியாக அவர்கள் நின்றதில்லை. கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும் என்பார்கள். கட்சித்தாவல் தடைச்சட்டம் வந்தது 1985இல். 1991இல் உரத்துக்காகக் காங்கிரசுக்குள் குரல் கொடுத்தவர்களுக்கும் அதே சட்டம்தான் இருந்தது. அவர்கள் பேசினார்கள், பதவியும் போகவில்லை. அவர்களுக்குப் பின்னால் நிலம் இருந்தது, சாதி ஓட்டு இருந்தது. நம் ஆளுக்குப் பின்னால் அவரை ஜெயிக்கவைத்த அடுத்தவன் ஓட்டு இருக்கிறது.

அப்படியானால் சபையே வேண்டாமா? இல்லை தோழர்களே. நம் மாவட்டமே பதில் சொல்லும். 2001இல் கஜானா காலி என்று தமிழக அரசு வெள்ளை அறிக்கை வைத்தது. அடுத்தடுத்து வெட்டு. வருமானத்தைப் பார்த்து ரேஷன் அட்டையில் ‘எச்’ முத்திரை குத்தினார்கள். விவசாயிகளின் இலவச மின்சாரம் போயிற்று. முதலமைச்சர் நம் ஆண்டிபட்டி தொகுதிக்காரர். 2004 மே மாதம் 39 மக்களவைத் தொகுதியிலும் ஆளுங்கட்சி அணி தோற்றது. அதே மாதம் ‘எச்’ முத்திரையும் போயிற்று, மதமாற்றத் தடைச் சட்டமும் போயிற்று. எல்லாருக்கும் ரேஷன் என்பது இங்கே பிழைத்தது. சனம் மொத்தமாக நின்றால் உத்தரவும் திரும்பும்.

ஆகவே தனித்தொகுதி எம்.பி.க்களிடம், அவர்கள் எந்தக் கட்சியானாலும், நாம் கேட்கவேண்டியது சிலை அல்ல, சமுதாயக்கூடம் அல்ல. ரேஷன் விலை, கூலி, முதியோர் பென்சன், தோட்டத்து வீடு எதுவானாலும் குறைப்பதென்றால் சபையில் ஓட்டெடுத்துக் குறை. யார் கை தூக்கினார்கள் என்று எங்களுக்குத் தெரியவேண்டும். ஒவ்வொரு வருசமும் ஒரு வெட்டுத் தீர்மானமாவது உன் பெயரில் வரவேண்டும். தோற்கட்டும், பதிவாகட்டும்.

வங்கியில் அடகுநகையை ஏலம் விடுவதற்கு முன்னால் கடன்காரருக்கு நோட்டீஸ் அனுப்பவேண்டும். அது விதி. சேரியின் சோற்றை எடுக்கும்போது அந்த நோட்டீசுகூட இல்லை. அடுத்த ஓட்டுக்கு வரும்போது நாம் அனுப்புவோம் நோட்டீஸ்.